3 எச்.பி. எக்ஸ்பெல்லரில் புன்னைக் கொட்டை ஆட்டிய 18 மாதம்

விதையை நெருக்கி எண்ணெய் பிழிகிற எக்ஸ்பெல்லர் மெஷின் வாங்கி இந்த மாதத்தோடு 18 மாதம் ஆகிறது. வாங்கும் முன் நான் தமிழில் தேடியபோது கிடைத்ததெல்லாம் கடலை, எள், தேங்காய் ஆட்டுகிறவர்கள் சொன்னதுதான். சாப்பிடாத விதையை, அதுவும் என்ஜினில் ஊற்றுவதற்காக ஆட்டுகிறவர் சொல்லி எதுவும் கண்ணில் படவில்லை. எனவே யாருக்காவது உதவும் என்று நான் பார்த்ததை எழுதுகிறேன். இதுவரை ஆட்டியது புன்னைப் பருப்பு சுமார் 900 கிலோ, புங்க விதை 500 கிலோ, வேப்பங்கொட்டை 200 கிலோ. நடுவில் ஒரு மழைக்காலம் முழுக்க, எண்ணெய் எடுக்கலாம் என்று பாசி வளர்த்து அதோடும் மல்லுக்கட்டினேன். அதையும் சொல்கிறேன்.

நான் ஆயில் என்ஜின் மெக்கானிக். வேதாரண்யம் தாலுகாவில் 26 வருடமாக இதே வேலை. எங்கள் பக்கம் மணல் பூமி. கொல்லை ஓரத்திலும் கோயில் பக்கத்திலும் புன்னை நிற்கும். உப்புக் காற்றுக்கும் மணலுக்கும் அது அசராது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் தலைமேல்தான் கரை ஏறியது. கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது. அந்த நாட்களில் தண்ணீர் இறைக்க ஊரில் இருந்தது டீசல் என்ஜின் மட்டும்தான். நான் சைக்கிளில் ஸ்பேனர் பையை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு என்ஜினாக ஓட வைத்துக் கொடுத்தேன். என்ஜின் ஓடியது, ஊற்ற டீசல் இல்லை. கேனைத் தூக்கிக்கொண்டு எங்கெங்கோ போய் வரிசையில் நின்றோம். எங்கள் கொல்லையில் இருந்த 11 புன்னையில் 4 சாய்ந்து கிடந்தன. மீதி 7 மரத்தின் அடியில் எண்ணெய்க் கொட்டை காலில் இடறிக்கொண்டு கிடந்தது. மெஷின் வாங்க எனக்குப் பணம் சேரத்தான் சில வருடம் ஆனதே தவிர, வாங்க வேண்டும் என்ற எண்ணம் அன்றைக்கே வந்துவிட்டது.

இது புது யோசனையும் இல்லை. 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் என்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டினார்கள். கர்நாடகத்தில் கக்கனஹள்ளி என்ற ஊரில், பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் பேராசிரியர் உடுப்பி ஸ்ரீனிவாசா 1990-களின் கடைசியில் புங்க எண்ணெயில் ஜெனரேட்டர் ஓட்டிக் காட்டியிருக்கிறார். நான் மெஷினுக்குப் பணம் கட்டியது இந்த இரண்டையும் தெரிந்துகொண்ட பிறகுதான்.

சரி, மெஷினுக்கு வருகிறேன். கோயம்புத்தூர் பக்கம் ஒரு பட்டறையில் செய்தது. பெயர் வேண்டாம். குறை சொல்லப் போகிறேன், அவர்கள் தரப்பை இங்கே சொல்ல அவர்கள் இல்லை. 3 எச்.பி. சிங்கிள் பேஸ் மோட்டார், கியர் பாக்ஸ், வார்ப்பிரும்பு உடம்பு, உள்ளே விதையை நெருக்கித் தள்ளும் திருகுத் தண்டான வார்ம், அதைச் சுற்றிக் கம்பிகள் அடுக்கிய கூண்டு, முன்பக்கம் பிண்ணாக்கு வெளியேறும் இடத்தில் இறுக்கித் தளர்த்தும் சோக் நட்டு. மணிக்கு 20 கிலோ என்று சொன்னார்கள். எனக்கு நிற்பது 14, 15 கிலோ. ஜி.எஸ்.டி. சேர்த்து 1,12,000 ரூபாய், லாரி வாடகை தனி.

வேலைப்பாட்டில் குறை இல்லை. கியர் பாக்ஸ் இன்றுவரை ஒரு சொட்டு கசியவில்லை. பேரிங் சத்தம் இல்லை. கூண்டைக் கழற்ற நாலு போல்ட்தான், அரை மணி நேரத்தில் கழற்றிக் கழுவி மாட்டலாம். தினமும் கழற்ற வேண்டிய மெஷினுக்கு இது பெரிய விஷயம். புன்னை எண்ணெய் ஒருநாள் காய்ந்தால் வார்னிஷ் மாதிரி ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் விற்றவர் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம். புன்னை ஓடுமா என்று போனில் கேட்டேன். "எந்த விதை போட்டாலும் எண்ணெய் வரும் சார்" என்றார். முதல் நாள் நல்லாக் காய்ந்த புன்னைப் பருப்பு பத்து கிலோ போட்டேன். எண்ணெய் வரவில்லை. சோக் வழியாகக் களி மாதிரி ஒரு பழுப்பு விழுது வழிந்தது. சோக்கை இறுக்கினால் மோட்டார் திணறி நின்றது, தளர்த்தினால் மறுபடியும் களி. பட்டறைக்குப் போன் போட்டால், பருப்பில் ஈரம் இருக்கும் என்றார்கள். ஈரம் இல்லை. கையில் வைத்து நசுக்கினால் சட்டென்று உடைந்த பருப்பு அது.

காரணத்தைச் சொன்னவர் மருதூர்ப் பக்கம் முன்பு மாட்டுச் செக்கு வைத்திருந்த ஒரு பெரியவர். "எள்ளுக்கு ஏன் கருப்பட்டி போடுறோம் தம்பி? பிடிமானத்துக்குத்தானே. எண்ணெய் அதிகமா இருக்கிற பருப்பு வெறுமனே வழுக்கும், அதுக்கு சக்கை கொடு" என்றார். புன்னைப் பருப்பில் பாதிக்கு மேல் எண்ணெய்தான், நார் குறைவு. வார்ம் தள்ளுவதற்கு உள்ளே எதிர்த்து நிற்க எதுவும் இல்லை. கடலைத் தோட்டை நொறுக்கிப் பத்து கிலோவுக்கு ஒரு கிலோ கலந்து போட்டேன். ஐந்து நிமிடத்தில் கூண்டின் அடியில் பச்சை எண்ணெய் நூல் நூலாக இறங்கியது. வாழைத்தண்டுப் பச்சை இல்லை, பழைய பித்தளைப் பாத்திரத்தில் களிம்பு ஏறின மாதிரி ஒரு பச்சை. சோக் பக்கம் பிண்ணாக்கு வறண்டு ஓடு ஓடாக வந்தது. அந்தப் பெரியவருக்கு முதல் லிட்டரைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டு விளக்குக்கு ஊற்றிக்கொண்டார்.

அதேபோல், கூண்டு சூடேறாமல் பருப்பைப் போடக்கூடாது. காலையில் முதலில் முந்தின நாள் பிண்ணாக்கையே இரண்டு கிலோ ஓட்டிச் சூடேற்றுகிறேன். விளக்கப் புத்தகத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

அடுத்த பாடம் மணல். புன்னைப் பழத்தின் சதையை வௌவால் தின்றுவிட்டுக் கொட்டையைக் கீழே போடும். பொறுக்குவது மணலில் இருந்துதான். ஏழாவது மாதம் எண்ணெய் குறைய ஆரம்பித்தது. கூண்டைக் கழற்றிப் பார்த்தால், வார்மின் கடைசி இரண்டு சுற்றில் விளிம்பு மழுங்கி, கை வைத்தால் கத்தி முனை மாதிரி மெலிந்து இருந்தது. பருப்போடு ஒட்டிப்போன மணல் அரம் போட்டுத் தேய்த்துவிட்டது. புது வார்ம் 6,500 ரூபாய், வர 23 நாள் ஆனது. அந்த 23 நாளும் வேப்பங்கொட்டைப் பருவம். பட்டறையில் யாரும் மரியாதைக் குறைவாகப் பேசவில்லை, ஆனால் உதிரிப் பாகத்தைக் கையிருப்பு வைத்துக்கொள்ளாதது பெரிய குறை. வாங்குகிறவர்கள் மெஷினோடு சேர்த்தே ஒரு வார்ம் அதிகமாக வாங்கிவிடுங்கள். கொட்டையை உடைக்கும் முன் சல்லடையில் போட்டுச் சலித்து, தண்ணீரில் ஒருமுறை அலசிக் காயப்போடுங்கள். அப்படிச் செய்ய ஆரம்பித்த பிறகு இரண்டாவது வார்மில் தேய்மானம் கண்ணுக்குத் தெரியவில்லை.

எண்ணெய்க் கணக்கைப் பலரும் கேட்கிறார்கள். புன்னைக்கு என் கணக்கு இது: காய்ந்த கொட்டை 100 கிலோ எடுத்தால் உடைத்துப் புடைத்த பருப்பு 42 கிலோ. அதில் இறங்குவது 22, 23 லிட்டர். பத்து நாள் டிரம்மில் தெளியவிட்டு, மண்டி நீக்கி, துணியில் வடிகட்டினால் கைக்கு வருவது 20 லிட்டர். பச்சைப் பருப்பில் இது வராது. உடைத்த பருப்பு வெள்ளையாக, தேங்காய்ச் சில்லு மாதிரி இருக்கும். அதை ஒரு மாதத்துக்கு மேல் காயவிட்டால் பழுப்பேறி, மேலே பிசுபிசுப்பு தட்டும். அப்போதுதான் எண்ணெய் திரண்டிருக்கும்.

கணக்கு இடிப்பது கொட்டை உடைக்கும் இடத்தில். எங்கள் தெரு ஆச்சி ஒருவரும் என் மனைவியும் மரச் சுத்தியலால் உடைத்தார்கள். கொட்டை உருண்டை, கல் மாதிரி கெட்டி, அடித்தால் நழுவி ஓடும். ஆச்சி பழைய சாக்கை வளையமாகச் சுருட்டி அதன் நடுவில் கொட்டையை வைத்து, ஒரே தட்டில் இரண்டாகப் பிளப்பார். அவர் கைக்கே நிமிடத்துக்குப் பத்துக் கொட்டைதான். 100 கிலோவில் பன்னிரண்டு, பதின்மூன்றாயிரம் கொட்டை இருக்கும். மூன்று ஆள் நாள் ஆகிவிடும். ஆச்சி சாயங்காலம் கையை நீட்டிக் காட்டினார். சுத்தியல் பிடித்த உள்ளங்கையில் விரலடியில் வரிசையாக நாலு கொப்புளம். "விளக்குக்கு நாலு படி உடைச்சிருக்கேன் தம்பி, மூட்டைக் கணக்கில் உடைச்சதில்லை" என்றார்.

பொறுக்கிக் கொண்டு வருகிறவர்களுக்குக் கொட்டை கிலோவுக்கு 6 ரூபாய் கொடுக்கிறேன். 100 கிலோவுக்கு 600. உடைக்கும் கூலி 1,100. கரண்ட் 50 சொச்சம். ஆக மொத்தம் 1,750 ரூபாய்க்கு 20 லிட்டர், லிட்டர் 87 ரூபாய் 50 காசு. அப்போது எங்கள் பக்கம் டீசல் 92 ரூபாய் சொச்சம். இந்த நாலரை ரூபாய் லாபத்துக்கு ஆச்சியின் உள்ளங்கை கொப்பளிக்க வேண்டுமா என்று எனக்கு மனசு ஒப்பவில்லை. இரண்டு மாதம் மெஷினைச் சும்மா போட்டுவிட்டேன்.

அப்புறம் உள்ளூர் லேத் பட்டறைத் தம்பி ஒருவரோடு உட்கார்ந்து ஒரு கொட்டை உடைப்பான் செய்தோம். பல் வெட்டிய இரண்டு உருளை, நடுவில் கூட்டிக் குறைக்கிற இடைவெளி, ஒரு எச்.பி. மோட்டார். கொட்டையை முதலில் சல்லடையில் பெரிசு, சிறிசு என்று இரண்டாகப் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பெரியது நசுங்கி எண்ணெய் ஓட்டில் போய்விடும், சிறியது உடையாமல் கீழே விழும். செலவு 18,000 ரூபாய். இப்போது 100 கிலோ இரண்டரை மணி நேரத்தில் உடைகிறது. ஓட்டைப் பிரித்துப் புடைக்க மீதி நாள். ஒரு ஆள் கூலி 400 ரூபாயில் முடிகிறது. ஆச்சி இப்போது நிழலில் உட்கார்ந்து முறத்தில் புடைக்கிறார், அவருக்கும் அதுதான் பிடித்திருக்கிறது. லிட்டர் அடக்கம் 53 ரூபாய்க்கு இறங்கிவிட்டது. 1,12,000 கொடுத்து வாங்கிய மெஷின் செய்யாததை 18,000 ரூபாய்ச் சாமான் செய்தது. எக்ஸ்பெல்லர் விற்கிறவர்கள் யாரும் இதைச் சொல்ல மாட்டார்கள். எண்ணெய் பிழிவது கடைசிச் சில மணி நேரத்து வேலை. விதை எண்ணெயின் விலை அதற்கு முந்தின ஒரு மாதத்தில், பொறுக்குவதிலும் காய வைப்பதிலும் உடைப்பதிலும் முடிவாகிவிடுகிறது. மெஷின் விலையை விசாரிக்கும் முன் இதைத்தான் விசாரிக்க வேண்டும்.

புங்கத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. காயைச் சாக்கில் கட்டித் தடியால் அடித்தாலே விதை பிரிந்துவிடும். மெஷினும் அதை விரும்பி வாங்குகிறது, சக்கை கலக்க வேண்டியதில்லை. ஆனால் எண்ணெய் குறைவு. நூற்றுக்கு 24, 25 கிலோதான் எனக்கு இறங்குகிறது. வியாபாரியிடம் விதை கேட்டேன், கிலோ 35 ரூபாய் என்றார். நாலு கிலோ விதைக்கு ஒரு கிலோ எண்ணெய் என்றால் விதைக் காசு மட்டுமே 140. விதையை விலைக்கு வாங்கி டீசலுக்குப் போட்டியாக எண்ணெய் எடுக்க முடியாது. சாலையோரப் புங்கத்தின் அடியில் கூட்டி அள்ளினால்தான் கட்டுபடியாகும். வேப்பெண்ணெயை நான் எரிப்பதே இல்லை. பயிருக்கு அடிக்கக் கேட்டு வருகிறவர்கள் லிட்டருக்கு 220 ரூபாய் தருகிறார்கள், அதை ஏன் என்ஜினில் ஊற்ற வேண்டும்?

காட்டாமணக்கு பற்றி ஒரு வார்த்தை. 2003-இல் மத்திய திட்டக்குழுவின் குழு அறிக்கை தந்த பிறகு விதை எண்ணெயைப் பயோடீசலாக்கி டீசலில் கலக்கலாம் என்று நாடு முழுக்க அதை நடச் சொன்னார்கள். தரிசில், தண்ணீர் இல்லாமல் காய்க்கும் என்றார்கள். தரிசில் செடி உயிரோடு இருக்கும், காய் காய்க்காது. காய்க்க வைக்கத் தண்ணீரும் உரமும் வேண்டும். தண்ணீரும் உரமும் இருக்கிற விவசாயி கடலையைப் போடுவாரே தவிரக் காட்டாமணக்கையா போடுவார்? மத்திய அரசின் 2009 உயிரி எரிபொருள் கொள்கை 2017-க்குள் 20 சதவீதம் கலப்பு என்றது. 2018 கொள்கை பயோடீசலுக்கு 2030-க்குள் 5 சதவீதம் என்று இறங்கிவிட்டது. என் வாடிக்கையாளர் ஒருவர் அன்று ஒரு ஏக்கரில் நட்டு நாலாம் வருடம் வேரோடு பிடுங்கினார். எனவே எக்ஸ்பெல்லர் வாங்கிவிட்டு விதைக்காக மரம் நட நினைக்காதீர்கள். மரம் ஏற்கெனவே நிற்கிற ஊரில் மட்டும் மெஷின் வாங்குங்கள்.

இனி என் தொழில், என்ஜின். 5 எச்.பி., ஒற்றை சிலிண்டர், தண்ணீரால் குளிர்விக்கிற மெதுவேக என்ஜின். புன்னை எண்ணெய் டீசலைவிடப் பத்து மடங்குக்கு மேல் கெட்டி. ஆரம்பத்தில் தெளியவிட்ட எண்ணெயை அப்படியே டேங்கில் ஊற்றி 40 மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். ஓடியது. இறைக்கிற தண்ணீரும் குறையவில்லை. எடைக்கு எடை பார்த்தால் எண்ணெயில் சக்தி டீசலைவிடக் குறைவு, ஆனால் எண்ணெய் டீசலைவிடக் கனம், அதனால் லிட்டருக்கு லிட்டர் வித்தியாசம் சொற்பம். புகையில் கோயில் விளக்கை அணைத்த வாசனை.

40 மணி நேரம் கழித்து, எண்ணெயைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுகிற நாசிலைக் கழற்றினேன். வாழ்நாளில் நூற்றுக்கணக்கில் நாசில் கழற்றியிருக்கிறேன், இப்படிப் பார்த்ததில்லை. துளையைச் சுற்றிக் கரி குடை விரித்தாற்போல் பூத்திருந்தது, நடுவில் ஊசி நுழையும் அளவு ஓட்டை. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. மண்ணெண்ணெயில் ஒரு இரவு ஊறவைத்துப் பித்தளைத் தகட்டால்தான் எடுத்தேன். சோதித்துப் பார்த்தால் பனி மாதிரி பிரிந்து அடிக்க வேண்டிய எண்ணெய், ஒரு பக்கமாகச் சாய்ந்து குழாய்த் தண்ணீர் மாதிரி பாய்ந்தது. அப்படிப் பாய்கிற எண்ணெய் முழுதாக எரியாது. பிஸ்டன் ரிங் வழியாகக் கீழே இறங்கி, என்ஜினுக்கு மசகாக ஊற்றியிருக்கிற லூப் ஆயிலைக் கெட்டியாக்கும். அந்த ஆயிலின் அளவு பார்க்கிற டிப் ஸ்டிக்கைத் தொட்டுப் பார்த்தேன், விரல்கள் ஒட்டி ஒட்டிப் பிரிந்தன.

அதற்குப் பிறகு முறையை மாற்றினேன். சைலன்சரைச் சுற்றிச் செம்புக் குழாயைச் சுருளாகச் சுற்றி, எண்ணெய் அதன் வழியாகச் சூடாகி வரும்படி செய்தேன். பம்புக்குள் போகும்போது 80 டிகிரி இருக்கிறது. அந்தச் சூட்டில் எண்ணெய் நன்றாக இளகிவிடும். இரண்டு டேங்க், நடுவில் மூன்று வழிக் காக். டீசலில் கிளப்பி, பத்து நிமிடம் ஓடிச் சூடேறிய பிறகு எண்ணெய்க்குத் திருப்ப வேண்டும். நிறுத்துவதற்குப் பத்து நிமிடம் முன்பு மறுபடி டீசலுக்குத் திருப்பிப் பைப்பைக் கழுவிவிட வேண்டும். இதை மறந்து நிறுத்தினால் மறுநாள் பம்புக்குள் எண்ணெய் பிசின் கட்டியிருக்கும், உள்ளே எண்ணெயைத் தள்ளுகிற பிளஞ்சர் தண்டு நகராது. லூப் ஆயிலை 100 மணி நேரத்தில் மாற்றிவிடுகிறேன். இப்படி 210 மணி நேரம் ஓட்டியாயிற்று. நாசிலில் கரி இருக்கிறது, ஆனால் துணியால் துடைத்தால் போகிற கரி. மிக அதிக அழுத்தத்தில் டீசலைப் பீய்ச்சுகிற புதிய காமன் ரெயில் வண்டி, டிராக்டர் எதிலும் இதை ஊற்றாதீர்கள். அந்தப் பம்பும் இன்ஜெக்டரும் இந்தக் கெட்டியைத் தாங்காது, ஒரு இன்ஜெக்டர் விலையில் வருடத்துக்கு டீசல் வாங்கலாம்.

முறையாகப் பயோடீசலாக மாற்றினால் சூடாக்க வேண்டியதில்லையே என்று கேட்பார்கள். சரிதான். எண்ணெயோடு அதில் ஐந்தில் ஒரு பங்கு மெத்தனாலும், ஒரு சதவீதம் அளவு காஸ்டிக் வகைக் காரமும் சேர்த்து 60 டிகிரியில் கலக்கினால் கிளிசரின் கீழே பிரியும், மேலே நிற்பது பயோடீசல். ஆனால் புன்னைக்கு அது நேராக நடக்காது. என் எண்ணெயை ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்ததில் தனிக் கொழுப்பு அமிலம், அதாவது எண்ணெயிலிருந்து பிரிந்து நிற்கிற அமிலம், 19 சதவீதம். இரண்டு, மூன்று சதவீதத்துக்கு மேல் போனாலே காரம் சோப்பாக்கிவிடும். முதலில் கந்தக அமிலத்தில் ஒரு சுற்று, பிறகு காரத்தில் ஒரு சுற்று என்று இரண்டு கட்டம் வேண்டும். அதோடு தமிழ்நாட்டில் மெத்தனால் வைத்திருக்க உரிமம் வேண்டும். 2024-இல் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிரை எடுத்தது. பிள்ளைகள் ஓடி விளையாடுகிற கொட்டகையில் அந்த டிரம்மைக் கொண்டுவந்து வைக்க நான் தயாராக இல்லை. உரிமமும் பூட்டுப் போட்ட அறையும் தெரிந்த ஆளும் இருக்கிற கூட்டுறவுச் சங்கம் மாதிரி ஒன்று செய்ய வேண்டிய வேலை அது.

பாசிக்கு வருகிறேன். ஏக்கருக்கு எந்த விதையைவிடவும் பல மடங்கு எண்ணெய், ஓரிரு நாளில் இரண்டு மடங்கு ஆகும் என்றெல்லாம் கேள்விப்பட்டு, ஒரு தனியார் ஒருநாள் பயிற்சிக்கு 2,500 ரூபாய் கட்டிப் போனேன். குளோரெல்லா என்ற நுண்பாசியின் வித்துத் தண்ணீர் ஐந்து லிட்டர் கொடுத்து அனுப்பினார்கள். வளர்ப்பதைப் பற்றி நன்றாகவே சொல்லிக் கொடுத்தார்கள். 1,000 லிட்டர் தொட்டியில் விட்டு, யூரியா, சூப்பர் பாஸ்பேட் கொஞ்சம் கரைத்து, மீன் தொட்டிக் காற்று மோட்டார் போட்டேன். இரண்டு வாரத்தில் தண்ணீர் கிளிப்பச்சை. கையை முழங்கை வரை விட்டால் விரல் தெரியவில்லை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. வேட்டித் துணியை நாலாக மடித்து வடித்தேன், பச்சை அப்படியே கீழே இறங்கியது. அந்தச் செல் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, எந்தத் துணியும் பிடிக்காது. படிகாரம் கரைத்து விட்டதும் திரிந்த பால் மாதிரி திரண்டு அடியில் படிந்தது. மேல் தண்ணீரை இறுத்து, அடியை வடித்து, தட்டில் பரப்பிக் காயவைத்தேன். மழைக்கால வெயில், ஐந்து நாள் ஆனது. தராசில் வைத்தால் 380 கிராம், அதிலும் படிகாரம் கொஞ்சம். ஒரு டன் தண்ணீருக்கு ஒரு சோற்றுத் தட்டு அளவு பச்சைப் பொடி. அதில் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் என்று தாராளமாக வைத்தாலும் ஒரு டம்ளர்கூட நிறையாது. அதையும் எக்ஸ்பெல்லரில் எடுக்க முடியாது, பொடி வார்மைச் சுற்றி மாவாக அப்பிக்கொண்டது. செல்லின் சுவரை உடைத்து, ஹெக்சேன் மாதிரி கரைப்பான் ஊற்றிப் பிரித்து, ஹெக்சேனைக் காய்ச்சி மீட்க வேண்டும். அது பெட்ரோல் மாதிரி தீப்பிடிக்கிற சரக்கு. நைட்ரஜனைக் குறைத்துப் பட்டினி போட்டால் பாசியில் எண்ணெய் கூடும், ஆனால் வளர்ச்சி நின்றுவிடும். ஒன்றைப் பிடித்தால் ஒன்று நழுவுகிறது.

பயிற்சியில் இதில் பாதியைச் சொல்லவில்லை என்பது என் வருத்தம். அமெரிக்க அரசு 1978 முதல் 1996 வரை இதற்கென்றே ஒரு திட்டம் நடத்தி, 3,000 வகை பாசி திரட்டி, நியூ மெக்சிகோவில் குளம் வெட்டி வளர்த்துப் பார்த்து, பெட்ரோலிய விலைக்குக் கட்டுபடியாகவில்லை என்று மூடியது. எக்ஸான்மொபில் 2009-இல் இறங்கி 2023-இல் பாசியை விட்டுவிட்டது. அவ்வளவு பணமும் ஆளும் இருந்தவர்களுக்கே அடங்காத கணக்கை, ஒரு விவசாயியிடம் 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு எளிது என்று சொல்லி அனுப்பக் கூடாது. சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் செய்யவும், உரத்துக்கும், மீன் தீவனத்துக்கும் பாசி வளர்க்கலாம். என் தொட்டிப் பச்சைத் தண்ணீரைக் கத்தரிக்கு ஊற்றினேன், செடி நன்றாகவே வந்தது. எண்ணெய்க்கு என்றால் வேண்டாம்.

மெஷினுக்கு 5-க்கு மூன்றரை தருவேன். உதிரிப் பாகம் உடனே கிடைத்தால் நாலு. ஒரு வீட்டுக்கு ஒன்று என்று வாங்காதீர்கள். இந்த 18 மாதத்தில் புன்னையில் நான் எடுத்தது 430 லிட்டர் சொச்சம். அதை மட்டும் வைத்து 1,12,000 ரூபாயை மீட்க எனக்குப் பல வருடம் ஆகும். நாலு ஊருக்கு ஒரு மெஷின், ஒரு உடைப்பான் என்று பத்துப் பேர் சேர்ந்து வாங்கினால் சரியாக இருக்கும். அடுத்த புயலில் ரோடு அடைத்தாலும் அந்த ஊர்களில் தண்ணீர் இறைக்கலாம். டிரம்மை வாய்வரை நிரப்பி, மூடி, இருட்டில் வைத்தால் எண்ணெய் மாதக்கணக்கில் நிற்கிறது. என்னிடம் இப்போது 90 லிட்டர் அப்படி இருக்கிறது.

வாங்குவது என்று முடிவு செய்தால், ஐந்து கிலோ உங்கள் சொந்தப் பருப்பை எடுத்துக்கொண்டு பட்டறைக்கே போங்கள். உங்கள் கண் முன்னால் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள். கடலையைப் போட்டுக் காட்டினால் அது உங்களுக்கு உதவாது. இன்னொன்று, இந்த விதைகளை ஒருமுறை ஆட்டிய மெஷினில் பிறகு நல்லெண்ணெயோ கடலை எண்ணெயோ ஆட்டவே கூடாது. எவ்வளவு கழுவினாலும் கம்பி இடுக்கில் மிச்சம் இருக்கும், அது விஷம். பிண்ணாக்கையும் மாட்டுக்கு வைக்காதீர்கள். வயலுக்குப் போடுங்கள், வேம்பும் புங்கமும் நல்ல உரம்.

தை பிறந்த பிறகு கூலிக்கும் ஆட்டித் தருகிறேன், பருப்பு கிலோவுக்கு 12 ரூபாய். கொட்டையாகக் கொண்டு வந்தால் உடைக்கத் தனிக் கூலி. அலசி, பழுப்பேறக் காயவைத்துக் கொண்டு வாருங்கள். மணல் இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். பிண்ணாக்கு உங்களுக்கே, சாக்கு நீங்களே கொண்டு வர வேண்டும்.